கொடை வரியும் மாதச் சந்தாவும்: ஒரு வில்லிசைக் குழுவின் இணைய வருமானம் நின்ற கதை

நான் நாகர்கோவில் கோட்டாறில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். கீழே எழுதியிருப்பது 2020 முதல் 2024 வரை ஒரு வில்லிசைக் குழுவுக்கு நடந்தது. 2022 ஜனவரியில்தான் நான் இதற்குள் வந்தேன். அதற்கு முந்தியதெல்லாம் அவர்கள் சொல்லக் கேட்டதும், அவர்களுடைய சந்தாப் பட்டியலில் பார்த்ததும். குழுவின் பெயர், ஊர், சந்தாத் தளம், வங்கி எதையும் குறிப்பிடவில்லை. எழுதுவதற்கு அவர்களின் சம்மதம் உண்டு.

பின்னணி

தக்கலைக்கு மேற்கே உள்ள ஊர். பாடுகிற அம்மாவுக்கு அப்போது 44 வயது. அப்பாவிடம் பழகி, பத்தொன்பது வயதில் வீசுகோல் (வில்லின் நாணை அடிக்கும் கோல்) பிடித்தவர். உடுக்கை, குடம், கட்டை, தாளம் என்று கூட நாலு பேர். பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா, இருக்கும். இசக்கியம்மன் கோயில், முத்தாரம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் என்று இரவு இரவாக ஓடுவார்கள். அந்த நாலைந்து மாத வருமானத்தில்தான் ஐந்து வீட்டிலும் வருஷம் நகரும்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. பங்குனி பிறந்து பன்னிரண்டாவது நாள். வாங்கிய அச்சாரத்தை எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த அம்மாவின் அண்ணன் மகன், அவருக்கு மருமகன், மார்த்தாண்டத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்தான். கடை அடைத்துக் கிடந்த நாட்களில் அத்தையை வீட்டு முற்றத்தில் உட்காரவைத்துப் போனில் பதிவு செய்து யூடியூபில் போட ஆரம்பித்தான். கால் மணி நேரத் துண்டுகள்தான். ஆனால் வளைகுடாவில் இருக்கும் நம்மூர் ஆட்கள் முழுக் கதை கேட்டார்கள். நீலி கதையும் முத்துப்பட்டன் கதையும் ராத்திரி முழுக்க ஓடக்கூடியவை, துண்டு போட்டால் அவர்களுக்குப் போதாது. அதனால் 2020 நவம்பரில் வெளிநாட்டுச் சந்தாத் தளம் ஒன்றில் பக்கம் திறந்தார்கள். மாதம் 5 டாலர். அதற்கு இரண்டு முழுக் கதையும், பாட்டு வரிகள் தட்டச்சு செய்த தாளும்.

2021 ஆகஸ்டில் சந்தாதாரர் 84 பேர். இந்தியாவில் 31, வளைகுடாவில் 42, பிரிட்டன், கனடா, சிங்கப்பூர் என்று மற்ற நாடுகளில் 11. தளமும் பணம் மாற்றித் தருகிற நிறுவனமும் எடுத்துக்கொண்டது போக மாதம் ஏறக்குறைய 27,000 ரூபாய் வந்தது. ஐந்தாகப் பிரித்தார்கள். கொடை இல்லாத காலத்தில் அது பெரிய பைசா.

தளத்தைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே யாரும் பக்கம் திறக்கலாம். கார்ட்டூன் போடுகிறவர், இசைக்காரர், சமையல் சொல்லித் தருகிறவர் எல்லாம் இருந்தார்கள். வயது வந்தவர்களுக்கான படம் போடுகிறவர்களும் இருந்தார்கள். முத்துப்பட்டனும் அவர்களும் ஒரே இணைய முகவரியின் கீழ்தான். இதை யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2021 அக்டோபர்: ஆள் குறைகிறது

அக்டோபர் முதல் தேதி சந்தா வசூலில் 13 பேர் விழுந்தார்கள். நவம்பரில் இன்னும் 14. தளத்தின் பட்டியலில் அந்தப் பெயர்களுக்கு எதிரே சிவப்பில் ‘பணம் மறுக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கும். சில தடவை முயன்றுவிட்டுத் தளமே அவர்களைக் கழற்றிவிடும்.

குழுவுக்குப் புரிந்தது வேறு. ஊரடங்கு தளர்ந்து கோயில் திறந்தாச்சு, ஆபீஸ் திறந்தாச்சு, வீட்டிலிருந்து கேட்ட சனம் போயிட்டு என்று நினைத்தார்கள். அப்புறம் நடந்த மூன்று காரியங்களைத்தான் இந்த நிகழ்வில் மிகப் பெரிய நஷ்டமாக நான் பார்க்கிறேன்.

முதலில் கதையைக் குறைத்தார்கள். வில்லுப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. காப்பு, வருபொருள், குரு வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், அதன்பிறகுதான் கதை, கடைசியில் வாழி. மருமகன் தலைமுறைக்கு அது ‘இன்ட்ரோ’. சனத்துக்குப் பொறுமை இல்லை என்று சொல்லி அவையடக்கத்தையும் நாட்டு வளத்தையும் எடுத்துவிட்டு நேரே கதைக்குள் குதித்தார்கள். குடக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ‘வளம் பாடாம வில்லடிச்சா அது வில்லா?’ என்று கேட்டுவிட்டு இரண்டு பதிவுக்கு வராமலே இருந்தார். இரண்டாவது, சந்தாவை 5 டாலரிலிருந்து 3 டாலராக்கினார்கள். விழுந்த யாரும் அதனால் திரும்பி வரவில்லை. ஒழுங்காக 5 கொடுத்துக்கொண்டிருந்த வளைகுடாக்காரர்களும் 3 கொடுக்க ஆரம்பித்ததுதான் மிச்சம். மூன்றாவது, ‘எங்களை விட்டுவிடாதீர்கள்’ என்ற தோரணையில் ஒரு வீடியோ போட்டார்கள். அந்த அம்மாவுக்கு இன்றும் அதை நினைத்தால் கூச்சம்.

2022 ஜனவரி: வங்கியிலிருந்து ஒரு கடிதம்

மருமகன் என்னிடம் வந்தது சந்தா குறைந்ததைச் சொல்ல அல்ல. வங்கி ஒரு விளக்கம் கேட்டிருந்தது. வளைகுடாவில் பணம் அனுப்பித் தரும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் வழியாக ஒரே ஆளிடமிருந்து 18,000 ரூபாய் வந்திருக்கிறது, குடும்பப் பராமரிப்பு என்று காரணம் போட்டிருக்கிறது, அனுப்பியவர் உங்களுக்கு என்ன உறவு?

நடந்தது இதுதான். வளைகுடாவில் ஒரு தொழிலாளர் முகாமில் நம் மாவட்டத்து ஆட்கள் பதினொரு பேர். கையில் இருப்பது சம்பளக் கார்டு மட்டும், அது சந்தாத் தளத்தில் எடுக்கவில்லை. ஒருவர் எல்லோரிடமும் பிரித்து எக்ஸ்சேஞ்சில் கட்டியிருக்கிறார். கவுண்டரில் எதற்கு என்று கேட்டதும், எப்போதும் வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வதையே சொல்லிவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பணத்துக்கும் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் பர்பஸ் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். குடும்பப் பராமரிப்புக்கு ஒன்று, அன்பளிப்புக்கு ஒன்று, செய்த வேலைக்குக் கூலி என்றால் வேலையின் வகையைப் பொறுத்து வேறொன்று. பாட்டுக்கு வந்த பணம் குடும்பப் பராமரிப்பாகிவிடாது. தொகை சின்னதுதான், வங்கியும் மரியாதையாகத்தான் கேட்டது. ஆனால் மாதாமாதம் இப்படி வந்தால் ஒரு நாள் கணக்கையே நிறுத்தி வைப்பார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதி, சந்தாப் பக்கத்தின் நகலையும் பதினொரு பேர் பட்டியலையும் வைத்து, இனி அந்த வழியில் வராது என்று சொல்லிக் கடிதம் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். என்ன உறவு என்ற கேள்விக்கு அந்த அம்மா என் மேசை முன் உட்கார்ந்து சொன்ன பதிலை மட்டும் கடிதத்தில் எழுதவில்லை: ‘பாட்டு கேக்குத உறவு, சார்.’

இந்த வேலைக்காகத் தளத்தின் முழுப் பட்டியலையும் இறக்கி வாங்கியிருந்தேன். கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம், எந்தப் பட்டியலையும் ஏதாவது ஒரு பத்தியை வைத்து அடுக்கிப் பார்ப்பது. நாட்டின் பெயரை வைத்து அடுக்கினேன். விழுந்த 27 பேரும் இந்தியா. வளைகுடாவில் யாரும் விழவில்லை. பாட்டு சலித்துப்போயிருந்தால் இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு மட்டுமா, அதுவும் அடுத்தடுத்த இரண்டே வசூலிலா சலிக்கும்?

தொடர்கட்டணத்துக்குக் கார்டில் பணம் எடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் ஒரு விதி கொண்டுவந்தது. முதல் தடவை ஓடிபி மாதிரி கூடுதல் சரிபார்ப்போடு கட்டளையைப் பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். வேண்டாமென்றால் நிறுத்த வழி இருக்க வேண்டும். கெடு தள்ளித் தள்ளிப் போய், 2021 அக்டோபர் 1 முதல் கறாராக அமலுக்கு வந்தது. வாடிக்கையாளருக்கு நல்ல விதி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்காமலே மாதம் மாதம் எடுத்துக்கொண்டிருந்த எத்தனையோ கம்பெனிகளிடமிருந்து நம் ஆட்களை அது காப்பாற்றியது. ஆனால் இந்தப் பதிவு முறையோடு இணைய பெரிய கம்பெனிகள் மெனக்கெட்டன, நம்முடைய தளம் போன்றவை மெனக்கெடவில்லை. பதிவு இல்லாத தொடர்கட்டணத்தை வங்கி மறுத்துவிடும். ஓடிபி இல்லாமல் எடுக்க அன்றைய வரம்பு 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆனது. நம் சந்தா 400 ரூபாயைக்கூடத் தொடவில்லை. ஆக, தொகை காரணமே இல்லை.

உறுதிசெய்ய என் கார்டிலேயே சந்தா கட்டிப் பார்த்தேன். முதல் முயற்சி உடனே திரும்பியது. 2020-ல் வந்த இன்னொரு விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், நாமாக வங்கி ஆப்பில் திறக்க வேண்டும். திறந்தேன். இந்தத் தடவை ஓடிபி கூடக் கேட்காமல் பணம் போனது. அடுத்த மாதம் முதல் தேதி காலை ஆறேகால் மணிக்குப் போனில் குறுஞ்செய்தி: இந்த நிறுவனத்துக்குத் தொடர் கட்டளை பதிவாகவில்லை, பரிவர்த்தனை மறுக்கப்பட்டது. அப்படியே படம் பிடித்து மருமகனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டான். ‘அண்ணே, அப்ப எவரும் போகல்லயா?’

2022 பிப்ரவரி: எங்கே நிற்கிறது?

விழுந்த 27 பேரில் போன் எண் கிடைத்தவர்களுக்கு அத்தையின் குரலிலேயே வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பச் சொன்னேன். ‘ஏன் விட்டீர்கள்’ என்று கேட்கக் கூடாது, ‘உங்களுக்கு எந்த இடத்தில் நிற்கிறது, ஒரு படம் அனுப்புங்கள்’ என்று மட்டும் கேட்க வேண்டும். 22 பேர் பதில் சொன்னார்கள். அதில் 19 பேருக்குத் தங்கள் சந்தா நின்றதே தெரியாது! வங்கியின் செய்தி வந்திருக்கிறது, படிக்கவில்லை. தளத்தின் மின்னஞ்சல் வந்திருக்கிறது, திறக்கவில்லை. பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னது: ‘மாசா மாசம் பைசா போவுதுன்னுல்லா நெனச்சேன். புதுக் கதை வரல்லியேன்னு உங்க மேல கோவமா இருந்தேன்.’

அவர்கள் விட்டுப்போனதாகக் குழு நினைத்தது, குழு ஏமாற்றுவதாக அவர்கள் நினைத்தார்கள். நாலு மாதம் இப்படிக் கழிந்திருக்கிறது.

அன்றிலிருந்து வருகிற புகார்களை எல்லாம் நாலு இடமாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதினோம். பக்கமே திறக்கவில்லையா. பக்கம் திறக்கிறது, ஆனால் அவர் கையிலுள்ள கார்டைத் தளம் எடுக்கவில்லையா. தளம் எடுக்கிறது, வங்கி மறுக்கிறதா. அல்லது அவர் கணக்கில் கழிந்தும் நம் கைக்கு வரவில்லையா. நாலுக்கும் பார்க்க வேண்டிய ஆள் வேறு வேறு. மருமகன் அதுவரை எல்லாப் புகாரையும் தளத்துக்கே எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அவர்கள் சொன்னதும் உண்மைதான்.

கதையின் நீளத்தை அந்த மாதமே பழையபடி ஆக்கினார்கள். குடக்காரர் வந்துவிட்டார்.

2022 ஏப்ரல்: கொடை வரி

இந்திய ஆதரவாளர்களுக்கு என்ன வழி? என் யோசனை யூபிஐ ஆட்டோபே. 2020-லிருந்தே இருக்கிறது, மாதாமாதம் தானாக எடுத்துக்கொள்ளும். மருமகனும் அதையே சொன்னான். அந்த அம்மாதான் தடுத்தார்.

‘மாசா மாசம் எதுக்கு சார்? கொடைக்கு வரி பிரிக்க மாதிரி வருசத்துக்கு ஒரு தடவ வாங்குனா போராதா?’

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து ஊர்க் கோயில்களில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பிரிப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவன்கூட அந்த நோட்டில் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வான். மாதச் சந்தா என்பது வெளியிலிருந்து வந்த பழக்கம். வருஷத்துக்கு ஒரு வரி என்றால் விளக்கவே வேண்டாம்.

கணக்காகப் பார்த்தாலும் அவர் சொன்னதுதான் சரி. தடைகள் எல்லாம் ‘தானாக, திரும்பத் திரும்ப’ எடுப்பதில்தான் வந்தன. ஒரே தடவை, ஆளே கையால் போடும் பணத்துக்குக் கட்டளைப் பதிவு தேவையில்லை. வருஷத்துக்கு 12 தடவை விழ வாய்ப்பு இருந்த இடத்தில் ஒரு தடவைதான். இழப்பும் உண்டு. மாதம் 5 டாலர் என்றால் வருஷத்துக்கு 4,500 ரூபாய் போல வரும், அதை ஒரே தடவையில் யாரும் போட மாட்டார்கள். 1,500 ரூபாய் என்று வைத்தோம். மூன்றில் ஒரு பங்கு. நான் 2,000 சொன்னேன், எடுபடவில்லை.

குழுவின் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று திறந்து, அதற்கு யூபிஐ கியூஆர் வாங்கினோம். சொந்த சேமிப்புக் கணக்கில் ஐம்பது அறுபது பேரிடமிருந்து ஒரே மாதிரித் தொகை வந்து விழுவதை நான் விரும்பவில்லை. பணம் போட்டவர்களுக்குக் கதைகள் போக வேண்டுமே, அதற்கு ஒரு தனி வாட்ஸ்அப் குழு. பழைய முறைதான், ஆனால் யாரும் அடைத்துவிட முடியாது என்று அப்போது நினைத்தோம்.

2022 ஆகஸ்ட்: பக்கமே திறக்கவில்லை

ஆவணி பிறந்த வாரத்தில் அமீரகத்திலிருந்து அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. சந்தாப் பக்கத்தைத் திறந்தால் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்பு. நோட்டில் முதல் வகை.

எந்தத் தடை என்பதை அந்தப் படத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். தளமே ஒரு நாட்டுக்குக் கதவடைத்தால் அதன் சின்னத்தோடு ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வரும். அரசு சொல்லி இணைய நிறுவனம் அடைத்தால் அந்த நிறுவனத்தின் அறிவிப்பு வரும், அல்லது எந்தச் செய்தியும் இல்லாமல் இணைப்பு அறுந்துபோகும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி என்று ஒரு வரி வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. முழுத் தளமும் அங்கே போய்விட்டது.

வில்லுப்பாட்டில் என்ன தப்பு கண்டார்கள் என்று மருமகன் கொதித்தான். யாரும் வில்லுப்பாட்டைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். இன்றைய தளங்கள் எல்லாம் மறையாக்கம் செய்த இணைப்பில் ஓடுகின்றன. நடுவில் இருக்கும் இணைய நிறுவனத்துக்குத் தளத்தின் பெயர் தெரியும், அதற்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆகவே அடைத்தால் மொத்தமாக அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். வயது வந்தோர் படம் போடும் சிலருக்காக அடைத்திருப்பார்கள் என்பது எங்கள் ஊகம், காரணத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இது அரபு நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. 2012-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம் திரைப்படத் திருட்டைத் தடுக்கக் கொடுத்த உத்தரவை வைத்து, விமியோ உட்பட முழுத் தளங்களையே இணைய நிறுவனங்கள் அடைத்தன. குறிப்பிட்ட முகவரிகளை அடைத்தால் போதும் என்று அதே ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2017-ல் இன்டர்நெட் ஆர்க்கைவும் அதேபோல ஒரு உத்தரவில் மாட்டியது.

முதலில் வந்த யோசனை விபிஎன், அதாவது அடைப்பைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகத் தளத்தைத் திறக்கும் செயலி. வளைகுடாவில் பாதிப்பேர் போனில் அது இருக்கும் என்று மருமகன் சொன்னான். நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். அமீரகத்தில் விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்பதில்லை. ஆனால் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ அதைப் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை. அடைத்த தளத்தை அதன் வழியே பார்ப்பது எந்தப் பக்கம் விழும் என்று வாதாடும் நிலையில் ஒரு எலெக்ட்ரீஷியன் இல்லை. 3 டாலர் பாட்டுக்காக ஒருவருடைய விசாவை நாம் பணயம் வைக்கக் கூடாது. அந்த அம்மா உடனே ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது யோசனை ஒரு உறவினர் சொன்னது, குழல்பணம். அங்கே ஒருவரிடம் கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டில் கொண்டுவந்து தருவார். சின்னத் தொகைதானே என்றார். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் சின்னத் தொகைக்கு அப்படியொரு விலக்கு கிடையாது. பேச்சு அங்கேயே முடிந்தது.

எடுத்த முடிவு இரண்டு. யூடியூப் அங்கே திறக்கிறது, சேனலுக்கு ஆயிரம் சந்தாதாரர் எப்போதோ கடந்துவிட்டது, ஆகவே கார்டு உள்ளவர்களுக்கு யூடியூபின் ‘மெம்பர்ஷிப்’. அதில் 70 சதவீதம் நமக்கு. அமெரிக்க வரிப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும், கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும். கார்டு இல்லாதவர்களுக்கு வழி எங்கள் மூக்குக்குக் கீழேயே இருந்தது. வளைகுடா போன ஏறக்குறைய எல்லோருக்கும் ஊரில் ஒரு என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) உண்டு. அதிலிருந்து குழுவின் நடப்புக் கணக்குக்கு நெட்பேங்கிங்கில் 1,500 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் வேண்டாம், கவுண்டரில் தப்பான காரணம் சொல்லும் வாய்ப்பும் இல்லை. முகாமிலிருந்த பதினொரு பேரும் இந்த வழிக்கு வந்தார்கள்.

2023 ஜனவரியில் இன்னொரு கதவும் திறந்தது. அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உட்படப் பத்து நாட்டுத் தொலைபேசி எண்களோடு வெளிநாட்டில் இருப்பவர்களின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யூபிஐ பயன்படுத்த தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அனுமதித்தது. குவைத்தும் பஹ்ரைனும் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கிருந்த ஆறு பேர் நெட்பேங்கிங்கிலேயே தொடர்ந்தார்கள்.

ஒரு கடற்கரைக்காரர்

எந்த வகையிலும் அடங்காத ஒருவர் உண்டு. குளச்சலுக்கு மேற்கே கடற்கரை ஊர். ஈரானில் மீன்பிடிப் படகில் வேலை. 2020 ஜூலையில் ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்திறங்கியவர்களில் ஒருவர், பிறகு மறுபடியும் போனார். தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கிடைத்ததை ஒட்டி அந்த அம்மா அவர் கதையை வில்லில் பாடியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு இந்தக் கடற்கரைக்காரர் பணம் கட்ட நினைத்தார். பொருளாதாரத் தடைகளால் ஈரானில் விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ஓடாது. சர்வதேச வங்கிச் செய்திப் பின்னலிலிருந்தும் அந்நாட்டு வங்கிகள் பல 2018-ல் துண்டிக்கப்பட்டவை. அவர் அனுப்பிய குரல் செய்தியில் படகு என்ஜின் சத்தத்துக்கு நடுவே சொல்வார்: ‘பைசா கைல இருக்கு சகோதரி, எடுக்கதுக்குத்தான் ஆளு இல்ல.’

பணம் வேண்டாம், கேளுங்கள் என்று அவரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து அவர் மனைவி இரண்டு பஸ் மாறி வந்து, பையிலிருந்து காகிதத்தில் மடித்த மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துத் திண்ணையில் வைத்தார். ரசீது கேட்டார். அதுவரை ரசீதுப் புத்தகமே இல்லை. மறுநாள் அச்சடிக்கக் கொடுத்தோம்.

2024 மார்ச் வரை

வருஷ வரி போடுபவர்கள் இந்தியாவில் 52, வளைகுடாவில் 34. யூடியூப் மெம்பர்ஷிப்பில் இருபதுக்கு மேல். பழைய சந்தாத் தளத்தில் பிரிட்டன், கனடா, சிங்கப்பூர்க்காரர் 9 பேர் மிச்சம். அவர்களுக்கு அங்கே எந்தத் தடையும் இல்லை, ஆகவே பக்கத்தை மூடவில்லை. எல்லாம் சேர்த்து மாதச் சராசரி 18,000 ரூபாய் அளவில் நிற்கிறது. ஆள் கூடியிருக்கிறது, ஆனால் 2021-ன் 27,000 திரும்பவில்லை. கொடைகள் மறுபடி நடப்பதால் அது இப்போது பக்க வருமானம்.

மார்ச் 14-ல் மத்திய அரசு ஆபாசம் என்று சொல்லி 18 ஓடிடி தளங்களை அடைத்தபோது மருமகன் ராத்திரி பதினொன்றுக்குக் கூப்பிட்டான். பட்டியலைப் பார்த்தோம், நம் தளம் அதில் இல்லை. ஆனால் அந்த ராத்திரியே முழுக் கதைகள் அத்தனையையும் ஹார்டு டிஸ்கில் இறக்கினான். அதுவரை பல கதைகளின் ஒரே முழுப் பிரதி அந்தத் தளத்தில்தான் இருந்திருக்கிறது! இது எனக்கும் அன்றுதான் தெரியும்.

மாற்றிச் செய்வதென்றால்

ஆள் விழுந்த முதல் மாதமே, கதையிலும் விலையிலும் கை வைப்பதற்கு முன்னால், விழுந்தவர்களில் மூன்று பேரை நேரே கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை அது. பட்டியலை நாட்டுவாரியாக அடுக்குவது இன்னும் எளிது, மருமகனுக்கு அந்த வசதி இருப்பதே தெரியவில்லை.

சந்தாதாரர்களின் போன் எண் முதல் நாளிலிருந்தே கையில் இருந்திருக்க வேண்டும். 27 பேரில் ஐந்து பேர் பதில் சொல்லாததற்குக் காரணம், அவர்களுடைய மின்னஞ்சல் மட்டும்தான் தளத்திலிருந்து கிடைத்தது. அந்த ஐந்து பேரை இன்றுவரை பிடிக்க முடியவில்லை.

என் பக்கத்துத் தவறும் உண்டு. யூடியூபுக்கான அமெரிக்க வரிப் படிவத்தை இரண்டு மாதம் தாமதமாகக் கொடுத்தேன். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்த விகிதப்படி அமெரிக்கப் பார்வையாளர் வருமானத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிக்க வேண்டியது, அந்த இரண்டு மாதமும் மொத்தத்திலும் 24 சதவீதம் பிடித்தார்கள். தொகை சொற்பம் என்று அந்த அம்மா சிரித்துவிட்டுப் போனார். நான் அந்த வருஷம் கட்டணம் வாங்கவில்லை.

வாட்ஸ்அப் குழுவை யாரும் அடைத்துவிட முடியாது என்று நினைத்தது எவ்வளவு சரி என்று தெரியவில்லை. அமீரகத்தில் அதன் வழியாக அழைத்துப் பேச முடியாது, எழுத்தும் குரல் பதிவும் போகும். இப்போதைக்குப் போகிறது. ஆதரவாளர் நோட்டு ஒன்று, நாடு, போன் எண், எந்த வழியில் கட்டுகிறார் என்ற மூன்று பத்தியோடு, ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. பங்குனி பிறந்ததும் அதை எடுத்து ஒவ்வொருவருக்கும் அவரே குரல் செய்தி போடுகிறார்.